சக்கரத்துக்கு மாமன் மச்சான் இல்லை

பால் இறங்கவில்லை. பாப்பா இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வாயை எடுத்தது, எடை குறைத்துப் போட்ட கடைக்காரியைப் பார்ப்பதுபோல் சிவரஞ்சனியின் முகத்தைப் பார்த்தது, மறுபடி கவ்வியது, மறுபடி விட்டது. புதிதாக முளைத்த கீழ்ப்பல் இரண்டும் பட்ட இடம் சுள்ளென்றது. அழாதே என்று சொல்லவும் பயமாக இருந்தது, சொன்னால் குரல் வெளியே போகும், வெளியே போனால் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் தாய்மார்கள் அறை என்று நீலப் பெயிண்டில் எழுதிய இந்தப் பெட்டிக்குள் ஒரு சிமெண்ட் பெஞ்சு, ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு பேன், பினாயில் வாடை. சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட பொத்தல்கள். அந்தப் பொத்தல்களுக்கு நேர் கீழே, வெளிப்பக்கம், அவள் புருஷன் நீலமேகமும் சிங்கப்பூர் திரவியமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசுவது ஒவ்வொரு எழுத்தாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஆம்பளைகள் பேசுகிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று வீட்டில் மாமியார் சொல்வாள். அதனால் வீட்டில் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். இங்கே போவதற்கு அடுப்படி இல்லை. "ஏழு தடவ மாப்ள. ஏழு தடவைக்கு மேல ஒரே கலரு வராது. நான் கண்ணால பாத்தவன்," என்றான் திரவியம். கண்ணால் பார்த்தவனாம். அதே கண்ணால்தான் அவன் சிங்கப்பூரிலிருந்து ஒற்றைச் சூட்கேஸும் ஒரு சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்கியதையும் பார்த்திருப்பான். ஊரில் மற்றவர்கள் அங்கே போய் மாடி வீடு கட்டினார்கள், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தார்கள், கொத்தனார் வேலைக்குப் போன இவன் மட்டும் ஒரு சூட்சுமத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். அவ்வளவு பெரிய சூட்சுமம் கையில் இருக்கிறவன் எதற்காக அடுத்தவன் வீட்டுப் பணத்தின் பின்னால் அலைகிறான், தன் சட்டைக்காலரில் இருக்கிற கிழிசலை முதலில் தைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற வாய் அவளுக்கு வாய்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று வாசி என்று சொன்னதும் எழுந்தாள், ஒரு வரிகூட வரவில்லை, அப்படியே உட்கார்ந்தவள்தான், அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

பணம் அவள் மடியை ஒட்டி இருந்தது. பாப்பாவின் துணிப்பை, அதற்குள் மேலே மூத்திரத் துணிகள், பவுடர் டப்பா, வசம்பு, பால் புட்டி, அதற்கெல்லாம் அடியில் பழைய பாவாடைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு. பாப்பா துணிப்பையை எந்தத் திருடன் தொடுவான் என்று நீலமேகம்தான் யோசனை சொன்னான், தன் யோசனையில் தானே மயங்கி இரண்டு தடவை சிரித்தான். முடிச்சுப் போட்டது இவள். இந்தக் கையால்தான். ஆடி மாதம் அவர்கள் வைத்த மொய் விருந்தில் வந்த பணம் அது. கிடா வெட்டி, கறிச்சோறு போட்டு, பந்தலில் நாலு மேசையில் ஆள் உட்காரவைத்து எழுதி வாங்கிய பணம். நீலமேகம் இத்தனை வருஷம் ஒவ்வொரு வீட்டு விருந்திலும் செய்தது திரும்பி வந்தது கொஞ்சம், மற்றதெல்லாம் இனிமேல் இவன் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பச் செய்யவேண்டியது. அதாவது ஊர்ப்பணம். கொஞ்ச நாள் நம் வீட்டில் தூங்கிவிட்டுப் போகிற பணம். அதில் அவள் அப்பா செய்ததுதான் பெரிய மொய். கறவை மாட்டை விற்றுச் செய்தார். வரிசையில் நின்று, எச்சில் தொட்டு நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, பேரைச் சத்தமாகச் சொல்லுங்கப்பா என்று எழுதுகிறவனிடம் கேட்டார், மருமகன் காதில் விழவேண்டும் என்று. வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவின் விருந்து. மாட்டை விற்ற பணம் மேலே கொஞ்சம் சேர்ந்து மருமகன் கையால் திரும்பி வரும், அதை வைத்துத் தங்கச்சி வாசுகிக்குக் கல்யாண நாள் குறிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். இந்த நீலமேகமோ, திருச்சியில் தன் அக்கா வீட்டில் இவளையும் பாப்பாவையும் இறக்கிவிட்டு, பைக்கு அடியில் கையை விட்டு முடிச்சை எடுத்துக்கொண்டு, சாயங்கால ரயிலில் கோவாவுக்குப் போகப்போகிறான். ஆற்றில் கப்பல் நிற்கிறதாம். கப்பலுக்குள் பணம் கட்டி ஆடுகிற சக்கரம் சுற்றுகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மடங்காக்கிக்கொண்டு வந்துவிடுவானாம். அப்பா தொழுவத்தில் இப்போது வெறும் முளைக்குச்சிதான் இருக்கும். பாப்பா மறுபடி கவ்வியது. இறங்கு, இறங்கு என்று அவள் மார்புக்குள் இருக்கிற எதனிடமோ கெஞ்சினாள். அது கேட்கவில்லை.

"என்ன தாயி, எறங்கலையா?" எதிர்ப்பக்கம் உடைந்த நாற்காலியில், ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். அறந்தாங்கிக்காரி, மதுரைக்குப் போகிறவள், உள்ளே வந்த உடனேயே அதைச் சொல்லிவிட்டாள், கேட்காமலே. அவள் மடியில் ஒரு பயல் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தான், பார்க்கவே பொறாமையாக இருந்தது. "மனசுல எதையோ போட்டு வச்சிருக்கே. அதான். எம் மாமியா வந்து பக்கத்துல உக்காந்தா போதும், எனக்கும் பஞ்சாயத்துக் கொழா மாதிரி நின்னுபோயிரும்." சிவரஞ்சனி சிரிக்கப் பார்த்தாள். "வெளிய பேசுறது ஒன் வீட்டுக்காரரா?" தலையாட்டினாள். "ரெண்டு பேர்ல எது?" "வெள்ளச் சட்ட," என்றாள் மெதுவாக. "ரெண்டு பேருந்தான் வெள்ளச் சட்ட." "கட்டையா இருக்கவக." "அப்ப அந்த சென்ட்டு யாரு? நாத்தம் இங்க வரைக்கும் கொடலப் பெரட்டுது. என்னமோ நட்டமானா ரெண்டு மடங்கு போடு, ரெண்டு மடங்கு போடுங்கிறானே, என்னா யாவாரம் பண்றாக?" சூதாட்டம் என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. முன்பின் தெரியாதவளிடம், பஸ் ஸ்டாண்டில், என் புருஷன் சூதாடப் போகிறான் என்று எப்படிச் சொல்வது. "ஏதோ யாவாரம்," என்றாள். சொன்ன கணமே தன்மேலேயே ஒரு அருவருப்பு ஏறியது, நாக்கில் எச்சில் கசந்தது. மூடி வைக்கிறதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. துணியைப் போட்டு மூடு, முந்தானையைப் போட்டு மூடு, ஏதோ வியாபாரம் என்று வாயால் மூடு. "நல்ல யாவாரம் போ," என்றாள் அறந்தாங்கிக்காரி. "எங்க வீட்டுக்காரரும் கருவாட்டுக் கட போட்டாரு. மொத நா நட்டம். எவனோ புத்தி சொன்னான்னு மறுநா ரெண்டு மடங்கு கருவாடு வாங்கிப் போட்டாரு. அதுவும் நட்டம். அதுக்கு மறுநா இன்னும் ரெண்டு மடங்கு. மூணு தெரு நாறுச்சு தாயி. பூன எல்லாம் கும்புடு போட்டுட்டு ஓடிப்போச்சு." சிரித்த சிரிப்பில் அவள் பயல் வாயை எடுத்துவிட்டுத் திட்டுவதுபோல் ஒரு சத்தம் போட்டான்.

கருவாடாவது நாறும். நாறினால் நாலு பேர் சொல்வார்கள், நிறுத்து என்று. நீலமேகம் வீட்டில் பழகிய பழக்கம் நாறவும் இல்லை. பத்து நாளாக, அவள் புளி உடைத்துக்கொண்டிருக்கும் பாயிலேயே எதிரே உட்கார்ந்து, ஒற்றை ரூபாயைச் சுண்டிப் போட்டு, பூவா தலையா பார்த்து, புளியங்கொட்டையை வைத்து விளையாடினான். பூவுக்கு ஒரு கொட்டை. தோற்றால் பூவுக்கே இரண்டு. அப்புறமும் தோற்றால் நாலு. எட்டு. எப்போதாவது பூ விழத்தானே வேண்டும், விழுந்தவுடன் போனதெல்லாம் மொத்தமாக வந்துவிடும், மேலே ஒரு கொட்டை லாபம். "பாத்தியா, பாத்தியா," என்று ஒவ்வொரு தடவையும் அவள் முகத்துக்கு நேரே அந்த ஒரு கொட்டையைத் தூக்கிக் காட்டுவான். பொன்னை வெட்டி எடுத்தவன் மாதிரி. அவளுக்கு அப்போதே தோன்றியது, சொல்லத்தான் வரவில்லை: இத்தனை கொட்டையை அள்ளி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் கையில் நிற்பது முதலில் வைத்த அந்த ஒற்றைக் கொட்டை அளவுதானே. ஒரு கொட்டைக்காக ஒரு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பார்களா. தண்ணீர் இடுப்பு அளவே இருந்தால் சரி, ஒவ்வொரு தடவையும் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது. ஒரு நாள் தலையாகவே விழுந்தது. திரும்பத் திரும்பத் தலை. பாயில் இருந்த கொட்டை எல்லாம் தீர்ந்துபோனது. அவன் என்ன செய்தான்? ஒன்றும் யோசிக்கவில்லை, பின்னால் சாய்ந்து சாக்குக்குள் கையை விட்டு இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டான். மாமனார் வீட்டுச் சீர் மாதிரி. புளியங்கொட்டைக்கு என்ன பஞ்சம், சாக்கு நிறைய இருக்கிறது. அப்புறம் பூ விழுந்தது. "பாத்தியா!" என்றான். இந்த முடிச்சுக்குப் பின்னால் எந்தச் சாக்கு இருக்கிறது? அவள் கழுத்துச் சங்கிலி இருக்கிறது. பாப்பா காலில் கொலுசு இருக்கிறது. வேறு சாக்கு எங்கே இருக்கிறது? அன்றைக்குக் கேட்டிருக்கலாம். புளிக்கை, புருஷன் முகம், வாசலில் மாமியார், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அடிக்கமாட்டான். அடிக்கிறவனாக இருந்தால் வெறுப்பதற்கு ஒரு இடமாவது இருக்கும். இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான், நாள் கணக்கில் பேசமாட்டான், அம்மாவும் பிள்ளையுமாகக் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள், கடைசியில் இவளே போய் என்மேல்தான் தப்பு என்று சொல்லவேண்டும். என்ன தப்பு என்று அவனும் சொல்லமாட்டான், இவளும் கேட்கமாட்டாள்.

"நான் சொல்றத மட்டும் மனசுல வச்சுக்க மாப்ள," பொத்தல் வழியாகத் திரவியத்தின் குரல், சென்ட்டோடு கலந்து. "ஏழு தடவ செவப்பு வந்துருச்சுன்னா என்னா அர்த்தம்? கறுப்பு நமக்குப் பாக்கி. மொய் மாதிரிதான். வாங்குனவன் செய்யாம இருக்க முடியுமா? செஞ்சே ஆகணும்ல." "ஆமா மச்சான், செய்யாம எங்க போகும்," என்றான் நீலமேகம், கோயிலில் பூசாரி சொன்னதற்குத் தலையாட்டுகிறவன் குரலில். அவளுக்குக் காதுமடல் சூடானது. இதுதானா? இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டா மாட்டை விற்ற பணம் கப்பல் ஏறுகிறது? சக்கரம் மொய் செய்யுமாம். கறுப்புக்கு ரோஷம் வந்து, ஐயோ நீலமேகம் இத்தனை தடவை செய்துவிட்டானே, நாம் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியுமா என்று நினைத்துக்கொண்டு வந்து விழுமாம். மொய் எப்படித் திரும்பி வருகிறது என்றுகூடவா இவனுக்குத் தெரியாது, இவன் அதிலேயே பிறந்து அதிலேயே சோறு தின்று வளர்ந்தவன்! நோட்டுக்கு வழி தெரிந்தா அது திரும்பி வருகிறது? மேலத்தெரு கோவிந்தம்மா தண்ணிக்குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஏண்டி உங்க வீட்ல இன்னும் எங்களுக்குச் செய்யலையாமே என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிடுவாளே என்று வருகிறது. டீக்கடையில் பேச்சு நின்றுபோகுமே என்று வருகிறது. செய்யாதவன் வீட்டில் நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் ஒருத்தரும் வாசப்படி மிதிக்கமாட்டார்களே, அந்தப் பயத்தில் வருகிறது. முகம் இருக்கிறவனிடமிருந்துதான் மொய் திரும்பி வரும். சக்கரத்துக்கு முகம் எங்கே இருக்கிறது? அதற்கு மாமன் மச்சான் உண்டா, கொடுத்த பெண் உண்டா, எடுத்த பெண் உண்டா? போன தடவை சிவப்பு விழுந்தது என்பதே சக்கரத்துக்குள் ஓடுகிற அந்த உருண்டைக்குத் தெரியாதே. ஒவ்வொரு தடவையும் அது இன்றைக்குத்தான் பிறந்த மாதிரி ஓடும். இவன் போனில் அவளிடமும் காட்டினான் ஒருநாள். கோட்டு போட்ட ஒரு பெண் சக்கரத்தைச் சுற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, நடுவில் ஒரே ஒரு இடத்தில் பச்சை. "அது என்னா பச்ச?" என்று அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான், வாய் தவறி. "அது கடக்காரனுக்கு. அதுல விழுந்தா கறுப்புக்காரனுக்கும் இல்ல, செவப்புக்காரனுக்கும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான, அது எங்க வந்து விழப்போவுது," என்றான். ஒன்றே ஒன்றுதானாம். அண்டாவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் ஒன்றே ஒன்றுதானே என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பானோ. இந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டினோம். இந்த ஆளின் மூக்கு அப்படியே பாப்பாவுக்கு வந்திருக்கிறது. மூக்கு வரட்டும், பரவாயில்லை, மற்றது வராமல் இருக்கட்டும் என்று பாப்பாவின் நெற்றியை விரலால் வழித்துவிட்டாள்.

வெளியே கண்டக்டர்கள் திருச்சி திருச்சி திருச்சி என்று கத்தினார்கள். ஒரு பஸ் உறுமிவிட்டுப் போனது. "இன்னும் ரெண்டு பஸ்ஸு விட்டம்னா ரயிலு போயிரும் மாப்ள, தங்கச்சியக் கூப்புடு," என்றான் திரவியம். தங்கச்சி. அவன் நாக்கில் அந்தச் சொல்லும் சென்ட் போட்டுக்கொண்டுதான் வந்தது. நீலமேகம் கதவுப் பக்கம் வந்து செருப்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. "இந்தாரு, ஆச்சா?" அவள் பதில் சொல்வதற்குள் அறந்தாங்கிக்காரி சொன்னாள்: "ஆவலங்கய்யா, ஆவல! புள்ள குடிக்கவேணாமா? பொம்பளைங்க இருக்கற எடத்துல கதவுகிட்ட வந்து நிக்கிறீக, அங்கிட்டுப் போங்க!" செருப்புச் சத்தம் அவசரமாகத் திரும்பிப் போனது. அவ்வளவுதானா? இவ்வளவு லேசா? வாயைத் திறந்து போ என்று சொன்னால் போய்விடுகிறான். எத்தனை வருஷம் அவள் இந்த மனுஷனுக்கு அடுப்படியில் ஒளிந்திருக்கிறாள்! ஆனால் அது அறந்தாங்கிக்காரிக்கு லேசு. அவள் மதுரை பஸ் ஏறிப் போய்விடுவாள், நாளைக்கு இவன் தூக்கி வைக்கும் முகத்தை அவளா பார்க்கப்போகிறாள். வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு பந்தலில் போய் நிற்கப்போவது யார்? பேரைச் சத்தமாகச் சொல்லுங்கப்பா என்று அப்பா கேட்பார். மருமகன் வரவில்லையா என்பார்கள். வருவார் வருவார் என்று அப்பா வாசலையே பார்ப்பார், வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொள்வார், அவருக்குக் கை சும்மா இருக்காது. வாசுகி புதுத் தாவணியில் தண்ணி ஊற்றிக்கொண்டே இவளைப் பார்ப்பாள், என்னக்கா என்று கண்ணாலே கேட்பாள். அந்தக் கண்ணுக்கு என்ன பதில்? கறுப்பு இன்னும் செய்யவில்லையடி, அடுத்த வருஷம் செய்யும் என்றா? பாப்பா வாயை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தது, மெலிசாக, நம்பிக்கை இல்லாத அழுகை. மாற்றி மறுபக்கம் விட்டாள். அங்கேயும் கல்.

பொத்தல் வழியாகத் திரவியம் மறுபடி பேசினான், இப்போது குரலைக் கொஞ்சம் தணித்து, முக்கியமில்லாத ஒன்றைப் போகிறபோக்கில் சொல்கிறவன்போல. "ஒண்ணு மட்டும் மாப்ள. மேசைக்கு மேச எழுதி வச்சிருப்பான், இதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு. ரெண்டு மடங்கு ரெண்டு மடங்கா ஏத்திக்கிட்டே போனம்னா ஒரு எடத்துல நிறுத்திருவான். அதெல்லாம் அந்த அளவு வராது. அதுக்குள்ள நம்ம முடிச்சிருவம்." அவள் பாப்பாவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். சாக்கின் வாயைக் கட்டிவிடுவார்கள் என்கிறான். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். கொட்டை தீர்ந்து, தலை தலையாக விழுந்துகொண்டிருக்கும்போது, சாக்குக்குள் கையை விடப்போனால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படியானால் விட்டதை எடுக்க வழி? அதுதானே இவர்களின் மொத்த சூட்சுமமும்? வெளியே விரலைச் சொடுக்கெடுக்கிற சத்தம் கேட்டது. நீலமேகம் யோசிக்கிறான். யோசிக்கட்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ செய்திருக்கிறான், ஆனால் முட்டாள் என்று அவள் முழுசாக முடிவுகட்டியதில்லை. பந்தலில் ஆட்களை வேலை வாங்கியவன், கறிக்கடைக்காரனிடம் எலும்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டு விலை குறைத்தவன், ஒரு கேள்வி கேட்பான். ஒரே ஒரு கேள்வி. அப்ப விட்டது என்னாகும் மச்சான் என்று கேட்டால் போதும், அவள் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடத் தயார், அக்கா வீட்டில் ஒரு மாதம் இருக்கச் சொன்னாலும் தயார். கேள். கேள். நீலமேகம் தொண்டையைச் செருமினான்.

"அங்க சாப்பாடு ஃப்ரீயா மச்சான்?"

"எல்லாம் ஃப்ரீ மாப்ள. கறி, மீனு, எறா, என்னா வேணுமோ. உள்ள போயிட்டா நம்ம அவனோட விருந்தாளி. ராசா மாதிரி தின்னலாம்."

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக, அடக்கமுடியாமல், பாப்பாவின் தலைமயிர் பறக்கும்படி வந்தது. "என்னா தாயி?" என்றாள் அறந்தாங்கிக்காரி. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள், சிரிப்பு நிற்கவில்லை. கறிச்சோறு சும்மா போடுகிறானாம்! கறிச்சோறு சும்மா போடுகிறவன் யார்? ஆடி மாதம் இவன்தானே போட்டான், வாசலில் நின்று வாங்க வாங்க என்று கும்பிட்டு, இன்னும் ரெண்டு துண்டு வையுங்கப்பா என்று இலை இலையாகக் குனிந்து சொல்லி, எதற்குப் போட்டான்? கை கழுவிவிட்டு நேரே மேசைக்கு வரவேண்டும் என்றுதானே போட்டான். விருந்து போடுகிறவன்தான் வசூல் பண்ணுகிறவன். கப்பலில் நடப்பது கப்பல்காரன் வீட்டு மொய் விருந்து. இவர்கள் இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போய், அவன் போடுகிற கறியைத் தின்றுவிட்டு, அவனுக்கு மொய் செய்யப்போகிறார்கள். மொய் வாங்கிக்கொண்டவன் திருப்பிச் செய்ய இவன் வீட்டு வாசலுக்கு வருவானா? அவனுக்கு இவன் ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. அவன் வீட்டில் தினம் விருந்து. வருஷம் பூராவும் விருந்து. திருப்பிச் செய்வது என்ற பேச்சே இல்லாத வீடு. மாட்டை விற்றுவிட்டு வரிசையில் நிற்கிற அப்பாவாவது மருமகன் முகத்தைப் பார்த்துச் செய்தார். இவன் ஒரு பச்சைப் பொட்டைப் பார்த்துச் செய்யப்போகிறான். இதற்கா மூன்று வருஷமாகப் பயந்தோம்? இந்தத் தலைக்கா? எறாவுக்கு நாக்கைத் தொங்கப்போடுகிற இந்தத் தலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் என்ன, தொங்கப்போட்டுக்கொண்டால் என்ன? சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு மார்புக்குள் ஊசி ஊசியாகக் குத்தியது, நெருநெருவென்று, கட்டியிருந்தது உருகுவதுபோல. பாப்பா ஒரு தடவை திணறியது. அப்புறம் மடக்மடக்கென்று விழுங்கத் தொடங்கியது, அதன் காது இரண்டும் அசைந்தன, கடைவாயில் வழிந்து இவள் முழங்கைவரை ஓடியது. குடிக்கட்டும். நிதானமாகக் குடிக்கட்டும். வெளியே இன்னொரு திருச்சி பஸ் போனது. நீலமேகம் ஏய் என்றான், ரஞ்சனி என்றான், இந்தாரு ஒன்னத்தான் என்றான். எல்லாம் பொத்தல் வழியாக வந்து, பேன் காற்றில் கலைந்துபோயின.

பாப்பா தானாக வாயை விட்டுத் தூங்கிப்போன பிறகு, ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். கனத்தது. "வர்றேங்க்கா," என்றாள் அறந்தாங்கிக்காரியிடம். கதவைத் தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது. நீலமேகம் எழுந்து வேட்டியை உதறினான். "எம்புட்டு நேரம்? வா வா, அந்தா நிக்கிது," என்று திருச்சி பஸ் நிற்கும் பக்கம் நடந்தான், அவள் பின்னால் வருவாள் என்ற நினைப்பில், எப்போதும் நடப்பதுபோல் திரும்பிப் பார்க்காமல். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வரிசையில் ஆலங்குடி டவுன் பஸ் புறப்படப்போகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது, அப்பாவின் ஊர் வழியாகப் போகிற பஸ். முந்தானையால் பாப்பாவின் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். திரவியம்தான் முதலில் பார்த்தான். "தங்கச்சி! ஏ தங்கச்சி! அது திருச்சி பஸ்ஸு இல்ல!" நின்றாள். நெஞ்சு காதுக்குள் அடித்தது. தெரியாத ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தெரியும்ண்ணே," என்றாள். ஏறினாள்.

ஜன்னலோரம் ஒரு கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டு, பெண்களுக்குக் கொடுக்கிற காசில்லாத சீட்டு ஒன்றைக் கிழித்து அவள் விரலிடுக்கில் செருகினார். பஸ் நகர்ந்தபோது நீலமேகம் பின்படிக்கட்டில் தொற்றிக்கொண்டு ஏறினான், மூச்சு வாங்க, கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு முன்னால் வந்தான். "ஏய், இறங்கு. இறங்குன்னு சொல்றன்ல," என்றான், அடித்தொண்டையில், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி. அவன் முகம் தூக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அந்த முகத்தை அவள் முதல் தடவையாக நிமிர்ந்து, சாவகாசமாகப் பார்த்தாள்.

"சாருக்கு எங்க?" என்றார் கண்டக்டர்.

நீலமேகம் சட்டைப்பையைத் தடவினான். மறுபக்கமும் தடவினான். வழிச்செலவுக்கென்று எடுத்த காசு முழுவதும் திரவியத்திடம் இருந்தது, திரவியம் பஸ் ஸ்டாண்டில் இருந்தான். "அவகிட்ட இருக்கு," என்றான் கையைக் காட்டி.

கண்டக்டர் இவளைப் பார்த்தார். பஸ்ஸில் பாதிப்பேர் பார்த்தார்கள். "என்னம்மா, சாருக்கு நீ எடுக்குறியா?"

"அவுக திருச்சிக்குப் போறவுக," என்றாள் சிவரஞ்சனி. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"திருச்சியா? அப்ப இதுல ஏன் சார் ஏறுனீங்க?" கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். "எறங்குறீங்களா, வர்றீங்களா? வந்தா காசு எடுங்க. சட்டுனு சொல்லுங்க சார், வண்டி போவுதுல்ல."

நீலமேகம் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தோளிலிருந்த பையை இறக்கி, இருக்கைக்குக் கீழே தள்ளினாள். பணத்தில் கால் படக் கூடாது என்று பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் அந்தப் பைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.